கண்பாப்பா விரியும் நேரம்

கண்ணைத் திறக்கக் கூடாதாம். சொட்டு மருந்தை விட்டு, விட்டு என்ன விட்டு, ஊற்றி, பாதி கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கிவிட்டது, கையில் ஒரு பஞ்சைத் திணித்து, "மூடியே வெச்சிருங்க மேடம், திறந்து திறந்து பார்த்தீங்கன்னா கண்பாப்பா விரியாது, அப்புறம் மறுபடி முதல்லேர்ந்து விடணும்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பெண் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். தொண்டையில் கசக்கிறது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் அதற்கும் உள்ளே ஒரு குழாய் இருக்கிறது என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு குழாய் இருக்கிறது, நமக்குத் தெரியாமல் ஒன்று இன்னொன்றில் போய் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மூடுவதற்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வரிசை பெஞ்சு, அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு, குரூப் போட்டோவில் எல்லாரும் ஒரே நொடியில் இமைத்துவிட்ட மாதிரி. எங்கள் கான்வென்டில் காலை ஜெபத்தின்போது இப்படித்தான் நிற்போம், நான் மட்டும் இடுக்கில் பார்ப்பேன், மதர் இக்னேஷியஸ் நேரே என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரும் மூடவில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம், அதை யார் கேட்பது. மைக்கில் ஒரு பெண் குரல் யாரோ ஒரு சுப்புராஜைக் கூப்பிடுகிறது, கண்புரைப் பிரிவு, இரண்டாம் நம்பர் அறை, பஸ் ஸ்டாண்டில் பஸ் அறிவிக்கிற அதே ராகத்தில். எனக்கும் இந்த ராகத்தில்தான் ஒரு கூப்பாடு வரும். வரட்டும். வராமலே போகட்டும்.

துணைக்கு ஆள் இல்லாமல் இந்த மருந்தை விட மாட்டார்கள், விட்டால் சாயங்காலம் வரை எல்லாம் மங்கலாகத்தான் இருக்கும், தனியாகப் போய் எதிலாவது மோதினால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேர். "கூட யார் வந்திருக்காங்க?" என்று அந்த நர்ஸ் கேட்டபோது, "வீட்டுக்காரர் காரை நிறுத்தப் போயிருக்கார்" என்றேன், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். தயாளன் இந்த நேரத்தில் தன் பம்ப்செட் கம்பெனியில் யாரிடமாவது மோட்டார் சுற்றும் சத்தத்துக்கு மேல் கத்திக்கொண்டிருப்பார். நான் பிளவுஸ் தைக்கக் கொடுத்ததை வாங்கப் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னால் கூட வருவார், வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டுவார், வீட்டுக்குப் போகிற வழியிலேயே நித்திலாவுக்குப் போன் போட்டுவிடுவார், அம்மாவுக்கு இப்படியாம் என்று. நித்திலாவுக்குத் தெரியக் கூடாது. மருந்து எரிகிறது. எரிவது நல்லது, எரிகிறவரை வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்று பார்த்தேன், அதுவும் முடியவில்லை, எரிச்சல் இரண்டு நிமிஷத்தில் அடங்கிப்போய் மறுபடி அந்த வளையம் வந்து நிற்கிறது.

போன வாரம் அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் என் முகத்தை வைக்கச் சொன்னார்கள். பெரிய பாத்திரம், உள்ளே அங்கங்கே ஒரு வெளிச்சப் புள்ளி வரும், தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினேன். வந்த எல்லாவற்றுக்கும் அழுத்தினேன் என்றுதான் எழுந்தேன், பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய தெனாவட்டில். டாக்டர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர், கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். நடுவில் வெள்ளை, வெளியே வெள்ளை, இடையில் கறுப்பாக ஒரு வளையம். "நேரா பார்க்கிறது நல்லா தெரியும்மா உங்களுக்கு. ஓரமும் கொஞ்சம் தெரியும். ரெண்டுக்கும் இடையில, இந்தக் கறுப்பு வளையம் இருக்கிற இடத்துல வர்ற எதுவுமே உங்களுக்குத் தெரியலை." முதலில் எனக்குத் தோன்றியது வடை. சட்டியில் கருகிப்போன உளுந்து வடை. அடுத்த நொடி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஏனென்றால் அந்த வடையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், என் மகளின் லேப்டாப்பில், அவள் பெருமையாக எனக்குத் திருப்பிக் காட்டிய திரையில்.

நித்திலா பெங்களூரில் வெளிச்சத்தை ஆராய்ச்சி செய்கிறாள். வெளிச்சத்தில் என்ன ஆராய்ச்சி, ஸ்விட்சைப் போட்டால் வருகிறது என்று சொல்லி முதல் வருஷம் அவளை அழ வைத்தேன். லேசர் கதிர் ஒரு ஸ்படிகத்துக்குள் போகும், டைமண்டு கற்கண்டு அளவுதான் இருக்கும் அந்த ஸ்படிகம், உள்ளே எப்போதாவது ஒரு ஒளித்துகள் உடைந்து இரண்டாகும், இரட்டைப் பிள்ளைகள், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அந்த இரண்டும் எவ்வளவு தூரம் போனாலும் பின்னிக்கொண்டே இருக்கும் என்றாள். சாதாரணமாக எல்லாரும் பூவா தலையா மாதிரி இரண்டே விதத்தில் அதைப் பார்ப்பார்களாம், இவளுடைய கூட்டம் ஒளிக்கு உருவம் கொடுக்கிறதாம், வளையம், இதழ் இதழாக விரிந்தது, சுருள் சுருளாகச் சுற்றியது, அத்தனை உருவமும் ஒரே துகளுக்குள் கலந்து கிடக்குமாம். படங்களைக் காட்டினாள். "வடை" என்றேன் முதல் படத்துக்கு. "ஜாங்கிரி" என்றேன் அடுத்ததற்கு. "அம்மா, அஞ்சு வருஷ உழைப்புமா" என்றாள். "அஞ்சு வருஷம் படிச்சு வடை சுட்டிருக்கே, நான் கல்யாணமாகி அஞ்சாம் நாளே சுட்டுட்டேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் அந்த வளையத்தின் நடு ஓட்டையைத் தொட்டு, "இங்க வெளிச்சமே கிடையாதும்மா. சுத்திச் சுத்திப் போகுதில்ல, அதனால நடுவுல இருட்டு" என்றாள். அவளுடையதில் நடுவில் இருட்டு, சுற்றிலும் வெளிச்சம். என்னுடையதில் நடுவில் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்தால் சரியாக மூடிக்கொள்ளும், டப்பாவும் மூடியும் மாதிரி. இதை ஏன் நினைக்கிறேன். பஞ்சு நனைந்து பிசுபிசுக்கிறது.

"ஏனுங்க்கா, உங்களுக்கும் பொரையா?" என்றது பக்கத்துக் குரல். பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா, புருஷனுக்குத் துணையாக வந்தவள், நான் உட்கார்ந்ததிலிருந்து அந்த மனிதரை ஒரு நிமிஷம் சும்மா விடவில்லை. "இல்லைங்க, சும்மா பார்க்கத்தான்" என்றேன். "சும்மா பாக்கறதுக்கா மருந்து உடறாங்க. இந்த மனுசனும் அப்படித்தானுங்க சொல்லிட்டிருந்தாரு, சும்மா மங்குது, சும்மா மங்குதுன்னு. பால்கேனுக்குப் பதிலா நாய்ச் சட்டியில பாலக் கறந்துட்டு வந்து நின்னாரு." "கம்முனு இரு" என்றார் புருஷன். "நாய்க்கு மட்டும் அன்னைக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சுதுங்க" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் தொண்டையில் மருந்தோடு கசந்தது. புரை என்றால் கத்தியை வைத்து எடுத்துவிடுவார்கள், மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்குப் போகலாம். இதற்கு இப்போதைக்கு மருந்து இல்லை என்றார் டாக்டர். மெதுவாகத்தான் போகும், பல வருஷம் ஆகும், வளையம் அகலமாகிக்கொண்டே போகும், உள்ளே ஒரு ஓட்டை மட்டும் மிஞ்சும், சாவித்துவாரத்தில் பார்க்கிற மாதிரி. அதை அவர் சொன்னபோதுகூட எனக்குப் பயமில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது, பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாயிற்று, பார்க்க வேண்டாதவற்றையும். அடுத்ததாக ஒன்று கேட்டாரே, அதற்குத்தான். "குடும்பத்துல யாருக்காவது சாயங்காலத்துக்கு மேல கண் தெரியாம இருந்ததா?" இல்லை என்றேன், அவர் கேள்வியை முடிப்பதற்குள். "குழந்தைங்க?" ஒரு பெண். "பரம்பரையா வர்ற வகைன்னா அவங்களுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. இப்பவே பயப்பட வேணாம். அடுத்த வாரம் மருந்து விட்டு உள்ளே பார்த்துடலாம், உங்களைப் பார்த்தாலே அவங்களைப் பத்தியும் ஓரளவு தெரிஞ்சிடும்."

என்னைப் பார்த்தால் அவளைப் பற்றித் தெரிந்துவிடும். இதையேதான் அவளும் சொன்னாள், வார்த்தை மாறாமல். பார்க்கிறவரை அந்த இரண்டுக்கும் எந்த உருவம் என்பது முடிவாகவே இல்லை என்றாள், எங்கேயோ ஒளிந்திருக்கிறது நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைக்காதே, உண்மையிலேயே முடிவாகவில்லை. ஒன்றைப் பார். பார்த்த அந்த நொடி அது ஏதோ ஒரு உருவமாகிவிடும், இன்னொன்று என்ன என்பதும் அந்த நொடியே தெரிந்துவிடும், அது நிலாவில் இருந்தாலும் சரி. அன்று மாவு பிசைந்துகொண்டே அரைக்காதில் கேட்டது, இப்போது வரி வரியாக நினைவு வருகிறது. அப்படியென்றால் பார்க்காமல் விட்டுவிட்டால். நான் எழுந்து போய்விட்டால். இந்த வாசலைத் தாண்டி ஆட்டோ பிடித்து, பிளவுஸை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் ரசம் வைத்துவிட்டால், அவள் கண் முடிவாகாமலேயே இருக்கும். பெங்களூரில் அந்த இருட்டு அறையில் அவள் தன் கண்ணாடிகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருப்பாள், இருக்கிறது இல்லை இரண்டுமில்லாமல். என் கண்ணை அந்த டாக்டர் குனிந்து பார்க்கிற நொடியில் அவளுக்கு அங்கே ஏதோ ஒன்று மூடிக்கொள்ளும். பைத்தியக்காரத்தனம். எனக்குத் தெரியும் பைத்தியக்காரத்தனம் என்று. பார்த்ததால் அந்தப் பக்கம் எதுவும் நடக்காதும்மா, ஒரு சேதிகூட அதில் அனுப்ப முடியாது என்று அவளே அழுத்திச் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஒரு தாயின் வயிறு பௌதிகம் படித்ததில்லையே, அதற்கு யார் சொல்வது.

அந்த இருட்டு அறை. போன மார்கழியில் என்னை அங்கே கூட்டிப் போனாள். கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனதும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, கிணற்றில் இறக்கிவிட்ட மாதிரி, தெரியவில்லை என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, நிமிர்ந்து நான்கு எட்டு வைத்தேன், இடுப்பு அந்தப் பெரிய மேஜையில் போய் இடித்தது. மேஜை காற்றில் மிதக்கிற மாதிரி கால்கள் அதற்கு, லேசான அதிர்வுகூடப் படக்கூடாதென்று. "அம்மா, ஒரு மாச வேலைம்மா அது" என்றாள் தாழ்ந்த குரலில். அப்புறம் அவளே, "பரவாயில்ல விடு, உன்னைவிட ஏசி காத்து மோசம். கொஞ்சம் சூடான காத்து குறுக்க போனாலே அந்த உருவம் எல்லாம் குலைஞ்சிடும். எவ்வளவு சிக்கலான உருவமோ அவ்வளவு சீக்கிரம் குலையும்" என்று சிரித்துக்கொண்டே ஸ்விட்சைப் போடப் போனாள். அப்போதுதான் பார்த்தேன். திரை இடுக்கில் வந்த ஒரு கீற்று வெளிச்சத்தில் அவள் இடது கை மட்டும் தெரிந்தது. மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே போனது அந்தக் கை. இருட்டில் எல்லாரும் தடவித்தான் நடப்பார்கள். அவள் தினமும் அந்த இருட்டில் வேலை செய்கிறவள், பழக்கம், மேஜை இடிபடாமல் இருக்க ஒரு ஜாக்கிரதை. சரி. ஆனால் அந்த நேரத்தில் உள்ளே இன்னொரு பையன் இருந்தானே, கூடப் படிக்கிற ஒடிசாக்காரன், அவன் தடவவில்லை. எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டான், அதே கீற்று வெளிச்சத்தின் குறுக்கே நடந்து வந்துதான் போட்டான், கையில் நாற்காலியோடு. கை இரண்டும் நாற்காலியில். இதை எத்தனை தடவை யோசித்தாலும் அந்தப் பையனின் கை இரண்டும் நாற்காலியில்தான் இருக்கிறது.

என் அப்பா தடவியதில்லை. அப்பா இருட்டிவிட்டால் வெளியிலேயே போகமாட்டார், அவ்வளவுதான். ஹைவேஸ் இன்ஜினியர், நன்றாக விடிந்ததும் கிளம்பி ரோடு முழுக்க அளந்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் இருப்பார். சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன் எதற்கும் வந்ததில்லை, காலை முகூர்த்தத்துக்கு மட்டும் வருவார், தலைக்கனம் என்று என் மாமா வீட்டார் பேசினார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். இதையெல்லாம் போன வாரம்தான் ஒன்றோடொன்று சேர்த்தேன், ஆட்டோவில் வரும்போது, அதுவரை அவர் வெறும் தலைக்கனம் பிடித்த மனிதர். தீபாவளி கழிந்து ஒரு நாள் நித்திலா போனில் கேட்டாள், சம்பந்தமே இல்லாமல், "அம்மா, தாத்தா ஏன் சாயங்காலத்துக்கு மேல எங்கயும் வர மாட்டார்?" என்று. "திமிர்" என்றேன், அடுப்பில் குக்கர் கூவிக்கொண்டிருந்தது. "ஓ" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஏன் கேட்டாள். பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்கு மேல் செத்துப்போன தாத்தாக்கள் மேல் திடீர்ப் பாசம் வரும், அப்படிக் கேட்டிருப்பாள். ஸ்கூட்டரையும் அந்தச் சமயத்தில்தான் விற்றாள். பெங்களூர் டிராஃபிக்கில் எவன் ஓட்டுவான், மெட்ரோவில் போகிறேன் என்றாள், தயாளன்கூட மெச்சிக்கொண்டார், பொறுப்பு வந்துவிட்டது என்று. பொறுப்பு. பொறுப்புதான். வேறென்ன. மைக்கில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள், என் உள்ளங்கால் வியர்க்கிறது, செருப்புக்குள் வழுக்குகிறது.

நில், இன்னொன்று இருக்கிறது, அதை எப்படி விட்டேன். எதிர்ப்பக்கம். அவள் சொன்னாளே. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், ஒன்று வலப்பக்கம் முறுக்கிக்கொண்டு போனால் இன்னொன்று கட்டாயம் இடப்பக்கம் முறுக்கிக்கொள்ளும், இரண்டையும் கூட்டினால் பூஜ்ஜியம்தான் வரவேண்டும், ஏனென்றால் உள்ளே போன கதிரில் முறுக்கே கிடையாது. அவள் பள்ளிக்கூடம் போகும்போது நான் போட்டுவிட்ட இரட்டைப் பின்னல்கூட அப்படித்தான், ஒன்று வலது கை வாட்டம், ஒன்று இடது கை வாட்டம், கண்ணாடியில் பார்த்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், ஒரு தடவைகூட ஒரே பக்கம் வராது. அப்படியென்றால் எனக்கு இருந்தால் அவளுக்கு இல்லை. கூட்டினால் பூஜ்ஜியம். எனக்கு இருக்கட்டும். முழுசாக இருக்கட்டும், வளையம் இன்னும் தடிப்பாக, சாவித்துவாரம்கூட மிஞ்ச வேண்டாம், டாக்டர் குனிந்து பார்த்து ஐயோ என்று சொல்லட்டும், எனக்குக் கறுப்பு என்றால் அவளுக்கு வெள்ளை. இப்படி ஒரு பேரம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், யாரோடு என்று தெரியவில்லை. கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் முழங்காலிட்டும் இப்படிக் கேட்டதில்லை. மதர் இக்னேஷியஸ் வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தார், கேள்வி கேட்கிறவள் எழுந்து நின்று கேட்க வேண்டும், பதில் முடிகிறவரை நிற்க வேண்டும், நடுவில் உட்காரக் கூடாது. பதில் நீளமாக இருக்கும் என்று தெரிந்தால் நாங்கள் கேட்கவே மாட்டோம். டாக்டர் சொன்னது நினைவு வருகிறது. பாதிக்குப் பாதி என்றார், எதிர் எதிர் என்று சொல்லவில்லை. ஒரே பக்கமும் போகலாம். நாங்கள் ஸ்படிகத்திலிருந்து வரவில்லை. நான் அவளைப் பெற்றவள், இரட்டைப் பிறவி இல்லை. அப்பாவிடமிருந்து எனக்கு, எனக்குப் பிறகு.

போதும். எழுந்துவிட்டேன். கண்ணைத் திறந்தேன், திறந்தால் ஆஸ்பத்திரி முழுக்க வெளிச்சம் உடைந்து கிடந்தது, ஒவ்வொரு டியூப்லைட்டும் பஞ்சாக ஊதிப்போய், ஆட்களுக்கு முகமில்லை, வாசல் என்று நினைத்தது ஜன்னலாக இருந்தது. "எங்க போறீங்க்கா, அங்க படி இருக்குது" என்று பொள்ளாச்சி அம்மா என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். "பாத்ரூம்" என்றேன். "அதுக்கு இந்தப் பக்கமுங்க. உங்க வீட்டுக்காரரு இன்னுமா காரை நிறுத்தறாரு? என்ன கார் அது, ரயிலா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோது பையில் போன் அடித்தது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை, தெரியவும் வேண்டாம், நித்திலாவுக்கு மட்டும் நான் வைத்திருக்கிற மணிச் சத்தம் அது. எடுக்காமல் இருக்கலாம். எடுக்காவிட்டால் தயாளனுக்குப் போடுவாள். எடுத்தேன்.

"எங்கம்மா இருக்க? ஏதோ சத்தமா இருக்கு." "பிளவுஸ் கடையில. என்னடி இந்த நேரத்துல, உனக்கு வேலை இல்லையா?" "சும்மாதான். உன் குரல் கேக்கணும்போல இருந்தது." "கேட்டுட்டல்ல, வை. அப்புறம் பேசறேன்" என்றேன். வைத்திருந்தால் தப்பித்திருப்பேன். அவள் "அம்மா, ஒரு விஷயம்" என்று இழுத்தாள், அந்த இழுப்பில் ஒரு நொடி நின்றேன், மைக் திறந்துகொண்டது. பிரமிளா தயாளன். விழித்திரைப் பிரிவு, ஏழாம் நம்பர் அறை. பிரமிளா தயாளன். பஸ் ஸ்டாண்டு ராகத்தில், தெளிவாக, இரண்டு தடவை. "உங்களத்தானுங்க கூப்புடறாங்க" என்றாள் பொள்ளாச்சி அம்மா, நர்ஸ் என் பேரைக் கேட்டதைக் காதில் வாங்கியிருந்தவள், போனுக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி. நான் பொய்களைத் தேடினேன், அதே பேரில் இன்னொருத்தி, கண்ணாடி மாற்ற வந்தேன், பவர் கூடியிருக்கிறது, எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தன. அதற்குள் அவள் பேசினாள், லேப் குரலில் இல்லை, ஆறு வயதில் சினிமாக் கொட்டகை இருட்டில் என் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசுவாளே, அந்தக் குரலில்.

"உனக்குமாம்மா?"

சுற்றி எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருத்திதான் திறந்துகொண்டு நின்றேன், எதுவும் தெரியாமல். ஸ்கூட்டர், தாத்தா, அந்த "ஓ", மேஜை விளிம்பில் போன கை, எல்லாம் வரிசையாக வந்து தன் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. பார்க்காமல் விட்டால் முடிவாகாது என்று நான் இவ்வளவு நேரம் இறுக்கி மூடி வைத்திருந்தது அந்தப் பக்கம் எப்போதோ திறந்தாகிவிட்டது. "எப்ப பார்த்தே?" என்றேன். "தீபாவளிக்கு முன்னாடி. லேசர்ல வேலை செய்யறவங்களுக்கெல்லாம் கண் செக்கப் வெச்சாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலைம்மா. நீ பயந்துடுவேன்னு." "நான் எதுக்குடி பயப்படறேன்" என்றேன். திட்ட வந்தது, நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், இத்தனை மாசம் தனியாக அந்த இருட்டில் நின்றுகொண்டு எனக்கு வடைப் படம் காட்டிக்கொண்டிருந்தாயா என்று, அதற்குள் மைக் என் பேரை மூன்றாம் தடவை சொன்னது. "கூப்பிடறாங்கம்மா. போ உள்ள" என்றாள். "போறேன். நீ போனை வைக்காத." "வைக்கலை."

ஏழாம் நம்பர் எங்கே என்று தெரியவில்லை. பொள்ளாச்சி அம்மா என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு, "நேரா போங்க்கா, செவுத்தப் புடிச்சுட்டு" என்றாள். இடது கையைச் சுவரில் வைத்தேன். ஜில்லென்று இருந்தது, பெயின்ட் அடித்த சுவர், ஒவ்வொரு கதவு வரும்போதும் கை ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. வலது காதில் அவள் மூச்சு. "நித்தி, நீ எங்க நிக்கற?" என்றேன். "லேப்லதாம்மா." "லைட்டு?" "அணைச்சிருக்கு. எக்ஸ்பெரிமென்ட் ஓடிட்டிருக்கு." "எதையாவது பிடிச்சுட்டு நில்லு."

"மேஜையைப் பிடிச்சுட்டுத்தான் நிக்கறேம்மா" என்றாள்.